அம்சத்தின் மேட்டுப்பாத்திகள்

வாய் மட்டும் இல்லாவிட்டால் கோவிந்தராசுவை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று தெருவில் சொல்வார்கள். கேலிதான், ஆனால் அதில் பெருமையும் உண்டு. திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் பன்னிரண்டு கூரை வீடுகள். அத்தனை பேரும் மிராசுதார் சாரங்கபாணியின் வயலில் கூலிக்கு இறங்குகிறவர்கள். வீடு நின்ற மண்ணும் அவருடையது. அந்தத் தெருவிலிருந்து மாயவரத்துக்குப் போய், ஆயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக் கூலி உயர்வு கேட்டவன் கோவிந்தராசு. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்த ஊரில் அவன்தான் தலைவன்.

அவன் மனைவி அம்சத்துக்குப் பேச்சே குறைவு. அவளுக்கு எல்லாம் கொல்லைதான். ஐப்பசி மழையில் அந்தக் களிமண்ணில் தண்ணீர் நின்றால் பத்து நாளானாலும் வற்றாது. ஊன்றிய அவரையெல்லாம் வேர் அழுகிச் செத்துக்கொண்டிருந்தது. மண்ணை மேலே தூக்கிவிட்டால் என்ன என்று அவள்தான் ஒரு நாள் கேட்டாள். புயலில் சாய்ந்த வைரம் பாய்ந்த பனை ஒன்று கரையோரம் கிடந்தது. கோவிந்தராசு அதை ஆப்பு வைத்துப் பிளந்து, முழங்கால் உயரத்துக்குப் பக்கம் அடைத்து, மூன்று மேட்டுப்பாத்தி கட்டினான். பலகையைப் பிடித்து நிற்கும் முளைக்கம்புகளை இரண்டடி ஆழத்துக்கு, கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து அடித்தான். நனைந்த மண் பலகையை வெளியே தள்ளப் பார்க்கும், முளை நேராக நின்றால் ஒரு மழைக்குத்தான் தாங்கும் என்பது அவன் கணக்கு. அடியில் தண்ணீர் வடிய ஓட்டாஞ்சில்லியும் பதரான கருக்காயும் போட்டு, தூர் வாரிய வண்டலை அம்சம் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினாள். பாத்தியின் நாலு மூலையிலும் மூங்கில் ஊன்றி, மேலே கழி பரப்பிப் பந்தல் போட்டார்கள். கொடியை வாழைநாரால் கட்டுவது அவள் வேலை. கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும், இறுக்கினால் தண்டு பெருக்கும்போது அறுத்துவிடும் என்பாள். வேலை இல்லாத மாதங்களில் பிள்ளைகள் பசியாறியது அந்த அவரையிலும் புடலையிலும்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் விசாரணை வந்தது. பிறத்தியார் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்று கழக அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. வீட்டோடு சேர்த்துப் புழங்கிய கொல்லையும் கிடைக்கும். ஆனால் அதிகாரி நேரில் வந்து கேட்கும்போது தன் அனுபவத்தில் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கோவிந்தராசு ஒரு மாதம் தெருவையே உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். அய்யா கொடுத்தது, அய்யா விட்டது என்று ஒரு வார்த்தை வரக் கூடாது, எங்கள் கொல்லை, எங்கள் கை வைத்தது என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு வைரக்கண்ணு பயந்த சுபாவம். அவனை மட்டும் இருபது தடவை சொல்ல வைத்தான்.

விசாரணை நாளன்று அதிகாரி, கர்ணம், பின்னால் தெரு முழுக்க. பதினோரு வீட்டிலும் சொன்னார்கள். வைரக்கண்ணுகூட ஒரு சொல் பிசகாமல் சொன்னான். கோவிந்தராசுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசி வீடு அவனுடையது. கொல்லைக்குள் நுழையும்போதுதான் சாரங்கபாணி குடையோடு வந்து வேலியோரம் நின்றார். பந்தலில் தொங்கிய புடலங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

"இந்தப் பாத்தியெல்லாம் யாரு போட்டது? கொல்லை யாரு அனுபவத்துல இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

கோவிந்தராசுவின் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது. அவன் இறக்கியதாக அவனுக்கே நினைவில்லை.

"எல்லாம் அய்யாவோடதுங்க. அய்யா மனசு வச்சு விட்டது, ஏதோ நாங்க பொழைச்சுக் கெடக்குறோம்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் அப்பன் சொன்ன வார்த்தை, அவன் பாட்டன் சொன்ன வார்த்தை. சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது. கர்ணத்தின் பேனா அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு கணம் பாத்தியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அம்சத்திடம் திரும்பி, நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

"அவரு சொன்னதுதாங்க" என்றாள் அம்சம்.

பதினோரு வீட்டுக்குக் கொல்லையோடு பட்டா வந்தது. கோவிந்தராசுவுக்கு வீடு மட்டும். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தோடு எல்லை முடிந்தது. தென்னங்கன்று வைக்கப் போவதாக மிராசுதார் ஆள் விட்டுச் சொன்னார். பாத்திகளைக் கோவிந்தராசுவே பிரித்தான். உள்சாய்வாக, உறுதியாக, அவனே அடித்த முளைகள். ஒன்று வரவில்லை. ஆட்டி, தோண்டி, அரை நாள் போராடிப் பிடுங்கினான். தெருவில் ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு. அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றான். பிறகு தொண்டை எப்போதுமே சரியாகவில்லை.

வைரக்கண்ணு தன் கொல்லையில் ஒரு மூலையை அம்சத்துக்கு விட்டான். கோவிந்தராசு அங்கே ஒரு பாத்தி கட்டினான். அதைப் பார்த்து அடுத்த வீட்டார் கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டாரும் கேட்டார்கள். கூலி என்று எதுவும் வாங்கமாட்டான். தெருவில் எல்லார் கொல்லையிலும் அவன் கட்டிய பாத்தி நின்றது. அம்சம் அன்று பயந்துவிட்டாள், பாவம், பெண்பிள்ளை, அவள் மட்டும் என்ன செய்வாள் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வான். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

ஏழு வருஷம் கழித்து, வைரக்கண்ணுவின் கொல்லையில் உளுத்த பலகையை அவன் மாற்றிக்கொண்டிருந்தபோது, சாரங்கபாணி கரை வழியே வந்தார். தளர்ந்துபோயிருந்தார். நின்று, வேலையைப் பாராட்டினார். பிறகு தானாகவே சொன்னார்.

"அன்னைக்கு நான் சண்டைக்கு வரலை கோவிந்தராசு. கேஸ் நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. போறதுதான் போகுது, கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். நீயாத்தான் குடுத்த. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது கோவிந்தராசுவுக்கு எலும்பு வரைக்கும் இறங்கியது. ஓங்காத கைக்குக் குனிந்திருக்கிறான். வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தான். அது இன்னொரு கேவலம் என்று பட்டதால், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்சத்திடம் ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "அவரு நின்ன நிலையிலயே தெரிஞ்சுது. சண்டைக்கு வந்த ஆளு அப்படியா காய பாத்துக்கிட்டு நிப்பாரு?"

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்ன? அந்த ஆபீசர் உன்னைத்தானே கேட்டாரு?"

"என்னைத்தான் கேட்டாரு. என்னோடதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு." அவள் கல் பொறுக்கிப் போட்டாள். "பின்னால தெருவே நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் வாயத் தொறந்தா, எல்லார் முன்னாலயும் உங்களப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிடும். கொல்லை போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்."

அவள் புடைத்த அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, வைரக்கண்ணு வீட்டுப் பலகை பாதியில் கிடக்கிறதே, இருட்டுவதற்குள் போய் முடித்துவிட்டு வரச் சொன்னாள்.