நட்டுகளுக்கு ஊதாப் பொட்டு வைத்த எஸ்தர் சிஸ்டர்

ஏனாத்தூரில் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. திருமுக்கூடல் ஏகாம்பரம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து கிணற்றடியில் என் எதிரே நின்றார். "எஸ்தர் சிஸ்டர் பூட்டாங்க சார். ராத்திரி நெஞ்சு வலின்னாங்களாம். சாயங்காலம் புள்ளலூர்ல அடக்கம்" என்றார். கையிலிருந்த வாளியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. நேரே மோட்டார் சைக்கிளிடம் போனேன். ஆனால் ஏறி உதைக்கவில்லை. குனிந்து முன் சக்கர நட்டைத் தொட்டேன், பின் சக்கர நட்டைத் தொட்டேன், கைப்பிடியை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் பொறுமையாகக் காத்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே காரியத்துக்காக எங்களை அடிக்க வந்த மனிதர் அவர்.

உத்திரமேரூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு எஸ்தர் சிஸ்டரைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. புள்ளலூரில் பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, நர்ஸ் ஆனவர். எதையும் ஒரு முறை தொட்டுச் சரிபார்க்காமல் நகர மாட்டார். நான் அங்கே ஹெல்த் இன்ஸ்பெக்டர். எனக்குப் பொறுமை என்பது கிடையவே கிடையாது. காபி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே கட்டடத்தில் போட்டால் என்ன ஆகும்? தினமும் சண்டைதான். அந்தச் சண்டைகளுக்காகவே நான் சீக்கிரம் வேலைக்கு வந்துவிடுவேன்.

பிரசவத்துக்குக் கிளம்புமுன் அவர் தன் கருப்புப் பையில் இருப்பதையெல்லாம் வெள்ளைத் துணியில் பரப்புவார். ஒருவர் பெயரை வாசிக்க வேண்டும், இன்னொருவர் அந்தப் பொருளைத் தொட்டு, "கீது" என்று சொல்ல வேண்டும். பிரசவம் முடிந்ததும் மறுபடி அதே கதை. "சிஸ்டர், கத்தரிக்கோலுக்குக் கால் முளைச்சு ஓடிடுமா?" என்று நான் கிண்டல் செய்வேன். "ஓடாது சார். நாமதான் அத்த எங்கியாவது வுட்டுட்டு வந்துருவோம்" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரு முறை ஒரு பெரிய வீட்டுக்குப் பிரசவம் பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போயிருந்தார். கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள். உள்ளே போகும்போது அந்த வீட்டு மூத்த அம்மாள், "வழியில எத்தையும் தொடாத போம்மா" என்றார். சிஸ்டர் நின்றார். "தொடாம இன்னாத்தம்மா பாக்கறது? உங்க மருமவளையும் தொடாம பாக்க எனக்குத் தெரியாதே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. திரும்பி வரும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "தொடாம பாத்தது பாத்ததே இல்ல சார். அந்தம்மாவுக்கு அது தெரியல, வுடுங்க."

இப்போது மோட்டார் சைக்கிள் கதைக்கு வருகிறேன். பெயரைப் பதிந்துவிட்டு மூன்று வருஷம் காத்திருந்தேன். நான் காத்திருந்தேன் என்பதே ஒரு செய்தி. ஒரு நாள் கடிதம் வந்தது, வண்டி தயார் என்று. மெட்ராஸ் போய் ஓட்டிவர லீவு கிடைக்கவில்லை. கடைக்காரர்களே சக்கரம், கைப்பிடி எல்லாம் பூட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு சுகாதார நிலையத்து வாசலில் பலகை சாய்த்து இறக்கியபோது எனக்குக் கால் தரையில் இல்லை. கன்னங்கரேலென்று, டாங்கில் என் முகம் தெரிகிற பளபளப்பு. புறநோயாளிகள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்து சூழ்ந்துவிட்டார்கள். மாலை போட்டேன், கற்பூரம் காட்டினேன், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். இடம் பார்க்காமல் சந்தனத்தை அள்ளி அப்பினேன். சக்கரத்தின் நடுவில், விளக்கின் மேல், நம்பர் பலகையில், எங்கும் சந்தனமும் குங்குமமும். பத்தரைக்குள் நல்ல நேரம். பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது. உதைக்கக் காலைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் சைக்கிளில் வந்து விழுந்தார். விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். திருமுக்கூடலில் நிலபுலன் உள்ள குடும்பம், தலைப்பிரசவம், மனைவிக்கு விடியற்காலையிலிருந்து வலி. காலை பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். மாட்டு வண்டி என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

கூட்டம் முழுக்க என் வண்டியைப் பார்த்தது. எனக்கு நெஞ்சு விம்மிப்போயிற்று. முதல் சவாரியே ஓர் உயிரைக் காப்பாற்ற. "ஏறுங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் ஏறவில்லை. ஏகாம்பரத்திடம் திரும்பி, "பனிக்குடம் ஒடஞ்சிச்சா? வலி எத்தினி நேரத்துக்கு ஒரு தபா வருது?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னிடம், "நேரம் கீது சார். வண்டிய ஒரு தபா பாத்துட்டு கெளம்பலாம்" என்றார்.

"புது வண்டி சிஸ்டர். கடையிலயே எல்லாம் பூட்டித்தான் அனுப்பியிருக்கான்."

"பூட்டினவரு ஏறப்போறதில்ல. நாம ஏறப்போறோம்."

"நல்ல நேரம் போகுது. எலுமிச்சம்பழம்கூட வெச்சாச்சு."

"பழம் இருக்கட்டும் சார், வேணான்னு சொல்லல. அது நட்டை முறுக்காது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வருமா? "என் பொஞ்சாதி அங்க துடிச்சிக்கினு கீறா, நீங்க இங்க நட்டு எண்ணுவீங்களா?" என்று கையை ஓங்கிக்கொண்டே வந்தார். நான் நடுவில் புகுந்தேன். உண்மையைச் சொன்னால் மனதுக்குள் நானும் அவர் பக்கம்தான். ஓங்கிய அந்தக் கையை சிஸ்டர் அப்படியே பிடித்துக்கொண்டார். "வழியில வண்டி வுழுந்தா அவளுக்கு யாரும் இல்லைப்பா. ஓங்கின கை கீது இல்ல? அத்த சும்மா வெச்சிக்கினு நிக்காத. சார் படிப்பாரு, நீ தொடு, நான் பொட்டு வெக்கறேன்" என்றார்.

வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை விரித்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஏகாம்பரம் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஸ்பானர் சாவி போட்டு முறுக்கிப் பார்த்தார். வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தைக் குச்சியில் தொட்டு, நட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை இழுத்தாற்போல சிஸ்டர் ஒரு பொட்டு வைத்தார். பிற்பாடு நட்டு கொஞ்சம் திரும்பினாலும் பொட்டு இரண்டாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவராக யோசித்தது. "பின் சக்கர அச்சு நட்டு." "கீது." "செயின் இணைப்பு." "கீது." "எஞ்சின் ஆயில்." "கீது." நாலைந்து முறை ஆனதும் கூட்டமே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது. நான் படித்தால் முப்பது நாற்பது குரல், "கீது." திருவிழா போல ஆகிவிட்டது. எனக்கே கோபம் போய் உற்சாகம் வந்துவிட்டது. குரலை ஏற்றி ராகமாகப் படித்தேன்.

"முன் சக்கர அச்சு நட்டு, அது கழலாமல் குறுக்கே செருகும் கம்பிப் பின்" என்றேன். பதில் வரவில்லை. ஏகாம்பரம் குனிந்தபடியே இருந்தார். அந்த இடத்தில் நான் அப்பிய சந்தனம் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். சந்தனத்தடியில் பின்னைச் செருகவேண்டிய ஓட்டை காலியாக இருந்தது. நட்டைத் தொட்டார், சாவி இல்லாமலே, விரலிலேயே சுழன்றது.

"இல்ல" என்றார் ஏகாம்பரம்.

திருமுக்கூடல் ஒன்பது பத்து மைல், பாதி தூரம் குண்டும் குழியும். சக்கரம் எந்த இடத்தில் கழன்றிருக்கும் என்று நான் மனதில் பாதையை ஓட்டிப் பார்த்தேன். எதிர்ச்சாரி சைக்கிள் கடை பாய் ஓடிப்போய் ஒரு பின் எடுத்துவந்தார். நட்டை முறுக்கிப் பின்னைச் செருகி, சிஸ்டர் பொட்டு வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதிலாகத் திட்டியிருந்தால் தேவலை.

இனிமேல் என்ன, கிளம்பலாம் என்று உதைத்தேன். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் இருக்கிறதே, மூன்று வருஷம் காத்திருந்த காதுக்குத்தான் அதன் அருமை தெரியும். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "கொழந்த தல திரும்பியிருக்கான்னு பாக்கறோம் இல்ல? இதுக்கும் தலைய இப்படி அப்படி திருப்பிப் பாருங்க சார்." வலப்பக்கம் திருப்பினேன், ஒன்றுமில்லை. இடப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். நான் ஆக்சிலேட்டரை முறுக்கவே இல்லை. எஞ்சின் தானாக ஓலமிட்டது. முன்வரிசை பயந்து பின்வாங்கியது. பாய் விளக்கடியில் கையை விட்டுப் பார்த்தார். ஆக்சிலேட்டர் ஒயரைச் சுற்றி விடவேண்டிய வழியில் விடாமல் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். இடப்பக்கம் திருப்பினால் ஒயர் இழுபட்டு வேகம் ஏறும். ஏரிக்கரை வளைவு உங்களுக்குத் தெரியும். இடது திருப்பம், வலப்பக்கம் நிறைந்த ஏரி. பாய் ஐந்து நிமிஷத்தில் ஒயரைச் சரியாக விட்டுக் கொடுத்தார்.

எல்லாம் சேர்ந்து அரை மணிகூட ஆகவில்லை. சிஸ்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஏகாம்பரம் சைக்கிளில் பின்தொடர, சனங்கள் கைதட்ட, கிளம்பினோம். ஏரிக்கரை வளைவில் இடப்பக்கம் திருப்பினேன். வண்டி பசுமாடு போல அடக்கமாகத் திரும்பியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். "ரோட்டப் பாருங்க சார்" என்றார் சிஸ்டர். ஆனால் அவரும் சிரிப்பது என் முதுகில் தெரிந்தது. அந்தப் பத்து மைல் அளவுக்கு நான் என் வாழ்நாளில் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொடி சுற்றிப் பிறந்திருந்தது. சிஸ்டர் இல்லாவிட்டால் தப்பியிருக்காது என்று அந்த ஊர் மருத்துவச்சியே சொன்னார். வெளியே வந்து சிஸ்டர் தண்ணீர் கேட்டார். ஏகாம்பரத்தின் தாயார் சொம்பை உயரத் தூக்கிப்பிடித்து ஊற்ற, சிஸ்டர் இரு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். ஏகாம்பரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலை குனிந்திருந்தது, ஆனால் ஒன்றும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. திரும்பும் வழியில் சக்கரங்களில் வைத்த ஊதாப் பொட்டுகளைச் சரிபார்க்க சிஸ்டர் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

எனக்கு மாற்றல் வந்தபோது அவர் தந்த ஒரே பொருள் ஊதா மருந்து ஒரு புட்டி. "வண்டிக்கு" என்றார்.

அந்தப் புட்டி வண்டியின் சாமான் பையில்தான் இருந்தது, அடக்கத்தன்று புள்ளலூருக்கு நானும் ஏகாம்பரமும் போய்ச் சேர்ந்தபோதும். பாட்டு முடிந்து, சவப்பெட்டியை மிஷன் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நாலு சக்கரம் வைத்த, கையால் தள்ளுகிற வண்டி. எப்போதாவது வெளியே எடுப்பது. உபதேசியார் ஜெபம் சொல்லித் தள்ளச் சொன்னார். "கொஞ்சம் இருங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுகிற வீட்டில் இதென்ன பேஜார் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"முன் சக்கரம், வலது, கடையாணி" என்றேன்.

ஏகாம்பரம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணில் முழங்காலிட்டார். தொட்டார். "கீது" என்றார்.

"முன் சக்கரம், இடது."

"ஆடுது சார்." ஒரு கல்லை எடுத்துக் கடையாணியை அடித்து இறக்கினார். மறுபடி தொட்டார். "கீது."

"பின் சக்கரம், வலது." "கீது." நான் ஒவ்வொன்றுக்கும் ஊதாப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். "பின் சக்கரம், இடது" என்றபோது ஏகாம்பரம் தொட்டார், ஆனால் எழாமல் சக்கரத்திலேயே நெற்றியை வைத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாகப் பின்னாலிருந்து உத்திரமேரூர்க் கூட்டம் சொன்னது, பாயும் வார்டு ஆயாக்களும் எல்லோருமாக: "கீது."

வண்டி நகர்ந்தது. ஏகாம்பரம் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கல்லறைவரை யாருக்கும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

புட்டியில் இன்னும் பாதி மருந்து இருக்கிறது. என் பொறுமையின்மையும் அப்படியே இருக்கிறது, அது என்னோடுதான் போகும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏறுமுன் குனிகிறேன். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல சிஸ்டரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்ட இரண்டு வார்த்தைகள் என்னிடம் உண்டு. அவருக்கே நேரம் இல்லாமல் போனது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும். இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

"நேரம் கீது."