தேக்கு விடுதியில் ஒரு சாண் நெருப்பு

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணிக் கடைசியில் என் மகளுக்குத் திருமணம் வைத்திருந்தோம். நாங்கள் யாங்கூனில் பசுந்தாங் பக்கம் இருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆற்றுக்கு அக்கரையில், தன்லின் தாண்டி ஒரு கிராமம். அங்குள்ள மாரியம்மன் கோயிலில்தான் முகூர்த்தம். காலையில் அலைய வேண்டாமென்று முதல் நாளே பெண் வீட்டார் எல்லோரும் கிளம்பி, வழியில் ஒரு பழைய விடுதியில் தங்கினோம்.

வெள்ளைக்காரர் காலத்து விடுதி அது. தரை, தூண், கூரை எல்லாமே தேக்கு. எத்தனை பேர் கைபட்டதோ, மாடிப்படியின் கைப்பிடி வழவழவென்று இருந்தது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் விடுமுறைக்கு யாங்கூனிலிருந்து படகேறி இங்கே வருவார்களாம். கோட்டும் லுங்கியுமாக அவர்கள் நிற்கும் படங்கள் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. விடுதியை நடத்துபவர் ஐம்பது வயது பர்மியப் பெண்மணி. தாத்தா கட்டிய கட்டடம் என்று சொல்லி, தூண்களைப் பிள்ளையைத் தடவுவதுபோல் தடவிக் காட்டினார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கட்டடத்துக்குள் நெருப்பே கூடாது. சமையல்கூடம் தோட்டத்தில் தனியாக இருந்தது. கொசுவர்த்திகூட ஏற்ற விடவில்லை. எல்லாக் கட்டிலுக்கும் வலை கட்டிக் கொடுத்தார்.

இரவெல்லாம் மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் கிராமத்துக்குப் போகும் சாலையே தெரியவில்லை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அந்த வாரமே கப்பலேற வேண்டும். மறுபடி ஊர் திரும்ப ஒரு வருஷம் ஆகும். என் மகள் தலையில் பூ வைக்க உட்கார்ந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள்.

அப்போது மாப்பிள்ளையே போன் செய்தார். "அத்தை, நீங்க அங்கயே இருங்க. விடுதிக்குப் பின்னால ஓடுற கால்வாய் வழியா நாங்க படகுல வந்துடுறோம்."

திருமணத்தை விடுதியிலேயே நடத்த முடியுமா என்று என் கணவர் அந்த அம்மாளிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற சமையல்காரர் திகைத்துப்போனார். "வாசோ காலத்துல கல்யாணமா?" மழைக்காலத்தின் அந்த மூன்று மாதமும் பௌத்தர்கள் திருமணம் செய்வதில்லை.

"அது நம்ம வழக்கம். அவங்க சாமிக்கு இது நல்ல மாசம்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு, கூடத்து நாற்காலிகளைத் தாமே நகர்த்த ஆரம்பித்தார். சமையல்கூடத்தில் அன்றைக்கு மீன் வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்.

சற்று நேரத்தில் படகு வந்தது. மாப்பிள்ளை, அவருடைய பெற்றோர், தலைக்குமேல் பையைத் தூக்கிப் பிடித்தபடி ஐயர், எல்லோரும் தொப்பலாக நனைந்து இறங்கினார்கள். ஐயர் கூடத்தைப் பார்த்துவிட்டு, "ஓமகுண்டம் எங்க வைக்கிறது?" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியில் மழை விடவில்லை. சமையல்கூடத்தில் நாலு பேர் நிற்க இடமில்லை. விளக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாமா என்று என் கணவர் கேட்டதற்கு, "விளக்கு ஓமத்துக்கு ஈடாகுமா? அக்னி சாட்சி இல்லாம நான் எப்படித் தாலி எடுத்துக் கொடுப்பேன்?" என்றார் ஐயர்.

தயங்கித் தயங்கி நான் அந்த அம்மாளிடம் பர்மிய மொழியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் மகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு உயரம் எரியும், அமா?" என்று கேட்டார். அமா என்றால் அக்கா.

"ஒரு சாண்தான்."

உடனே அவர் போய்த் தகரமும் செங்கலும் எடுத்து வந்தார். தகரத்தை விரித்து, அதன்மேல் செங்கல் அடுக்கி, ஆற்றுமணலைத் தாமே சுமந்து வந்து கொட்டினார். திருமணம் முடியும்வரை ஈரச் சாக்கைக் கையில் பிடித்தபடி குண்டத்துக்கு ஓரடி தள்ளி நின்றார். ஐயர் பழக்கத்தில் நெய்யைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட, தீ சட்டென்று எழும்பியது. அந்த அம்மாள் ஓரடி முன்னால் வந்துவிட்டார். சாக்கை வீசிவிடுவார் என்றே நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தீ அடங்கியது. மாப்பிள்ளை தாலி கட்டினார்.

தேங்காய்ப்பால் சோறும் அவித்த பட்டாணியும்தான் கல்யாணச் சாப்பாடு. பந்தி முடிந்ததும் நன்றி சொல்ல அவரைத் தேடிப் போனேன். பின்பக்கத்து வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஈரச் சாக்கு இன்னும் மடியில் கிடந்தது. கேட்காமலே சட்டையின் நீளக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கைவரை பழைய தீக்காயம்.

"சின்ன வயசுல இந்த வீட்டோட கிழக்குப் பக்கம் முழுக்க எரிஞ்சுபோச்சு. நான் உள்ள இருந்தேன்" என்றார்.

நான் பதறிப்போய்க் கேட்டேன். "முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே? நாங்க தப்பா நினைச்சிருக்க மாட்டோம்."

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்க பொண்ணு அழுதுக்கிட்டே வளையலை ஒண்ணொண்ணாக் கழட்ட ஆரம்பிச்சிட்டா. அதைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்றது?"

அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முன்பின் அறியாத எங்களுக்காக அந்த அம்மாள் தன் வாழ்நாள் பயத்தைத் தன் வீட்டுக் கூடத்திலேயே மூட்ட விட்டு, அது எரிந்து முடியும்வரை விலகாமல் நின்றதை நினைக்கும்போதெல்லாம், பிறருக்கு உதவுவதாக நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் காரியங்கள் எல்லாம் எவ்வளவு சுலபமானவை என்று தோன்றுகிறது.