நடுவில் ஒரு பனியன்

எங்கள் அடுக்குமாடி கொண்டோ லிஃப்டில் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சுற்றுப்பயணிகள் தங்குவதால் பால்கனியில் துணி காயப்போடக் கூடாதாம், டிரையரில்தான் காயவைக்க வேண்டுமாம். படித்ததும் கஞ்சியும் நீலமும் கலந்த பழைய வாசம் மூக்கில் ஏறியது.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒருநாள் காலை ஃபைலும் கையுமாக ஓர் அதிகாரி வந்து அம்மாவிடம் சொன்னார்:

"அக்கா, டூரிஸ்ட் பஸ் வருது லா. வாசல்ல இருக்கிற துணியெல்லாம் எடுத்துருங்க. பார்க்க அசிங்கமா இருக்கு."

"துவைச்ச துணி அசிங்கமா? தண்ணி போகாம நாறுதே இந்த லோங்காங் சாக்கடை, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா சார்? எத்தனை தடவை சொல்லியாச்சு!"

அவர் ஃபைலை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா அலமாரியில் மடித்து வைத்திருந்த சேலைகளையும் எடுத்து நனைத்து வாசல் கொடியில் போட்டார். பக்கத்து வீட்டு ஆன்டி தன் பங்குக்குப் போர்வைகளைக் கொண்டுவந்தார். கடைசியில் அப்பாவின் ஓட்டைப் பனியனைக் கொடியின் நடுவில் மாட்டினார் அம்மா. பஸ்ஸில் வந்தவர்கள் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள். அப்பா அன்று முழுக்க வெளியே தலைகாட்டவில்லை.

இப்போது என் பால்கனியில் பெட்ஷீட்டும் துண்டுகளும் வெயிலில் காய்கின்றன. கீழே செக்யூரிட்டி கார்டு அண்ணாந்து பார்த்து, எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். என் கணவரின் பனியன்களில் ஓட்டையே இல்லை. கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.