திரும்பி வந்தவர் கையெழுத்து

"காலைத் தூக்குங்க. அந்தக் கால் இல்லை, வலது கால். அப்படியே நில்லுங்க, ஆடாதீங்க."

மலையேற வந்தவர் வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்கிறார். அவருடைய ஷூவின் அடிப்பக்கத்தைச் சோதனைச் சாவடி அண்ணன் ரிஜிஸ்டரின் ஓரத்தில் பென்சிலால் வரைந்துகொள்கிறார். எத்தனை கோடு, எத்தனை கட்டம், குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எதையும் விடுவதில்லை. "என்னங்க, ஜோசியமா?" என்று யாராவது கேட்காத நாள் கிடையாது. "ஆமா, உள்ளங்கால் ஜோசியம். சேத்துல இந்தத் தடத்தைப் பார்த்தா நீங்க எந்தப் பக்கம் போனீங்கன்னு சொல்லிடலாம்" என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார். சிரிக்கிற தெம்பையெல்லாம் இந்த வேலையின் முதல் இரண்டு வருடத்திலேயே செலவழித்துவிட்டார்.

நகரத்தின் கடைசி பஸ் ஸ்டாப்புக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு டெலிபோன். முதுகுப்பையோடு மலைக்குள் போகிறவர்கள் போகும்போது ஒரு கையெழுத்து, திரும்பும்போது ஒரு கையெழுத்து போட வேண்டும். அதனால் அவருக்குப் பெயரே 'கையெழுத்தண்ணன்' என்றாகிவிட்டது. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தலை எண்ணுவது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட, கூட்டி வந்த தலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

பையைத் திறக்கச் சொல்லித் துணிமணியைப் புரட்டுவார். "விசில் எங்க? ஊதுங்க பார்ப்போம். இது விசிலா, பெருமூச்சா? நல்லா ஊதுங்க." டார்ச்சை எரியவிட்டுப் பார்ப்பார். மூன்று காமிரா கொண்டுவந்து மழைக்கோட்டு கொண்டுவராதவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு பாடம் ஒப்பிக்கிற குரலில், "ரெண்டு மணிக்குள்ள உச்சிக்குப் போகலைன்னா, போனது போதும்னு திரும்பிடுங்க. மலை எங்கயும் ஓடிப்போயிடாது. வழி தப்பிட்டா நடக்காதீங்க, உக்காந்துடுங்க. உக்காந்தவரைத் தேடிக் கண்டுபிடிச்சிடலாம். நடந்துக்கிட்டே இருக்கிறவரை எங்கேன்னு போய்ப் பிடிக்கிறது?" கேட்பவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டுப் போவார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

அவரைத் தின்னும் கவலை வேறு. மலைக்குப் பின்பக்கம், அணை வழியாக இறங்க இன்னொரு பாதை இருக்கிறது. அதில் இறங்கினால் நேரே பஸ் ஸ்டாண்டு. கால் சோர்ந்து இறங்குகிறவர்கள் அப்படியே பஸ் ஏறிப் போய்விடுவார்கள். இங்கே ரிஜிஸ்டரில் கட்டம் காலியாகக் கிடக்கும். ஐந்து மணிக்கும் காலியாக இருந்தால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிடுவார். உள்ளூர்த் தன்னார்வலர்கள் எட்டுப் பேர் கயிறும் டார்ச்சுமாக ஏறுவார்கள். தேடப்படுகிறவர் அந்நேரம் ஏதாவது ஒரு லாட்ஜில் வெந்நீரில் குளித்துக்கொண்டிருப்பார். இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று முறை இப்படி.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி அவருடைய மகள்.

டெலிபோனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் தான் பெற்ற பெண்ணைத்தான் அவர் மழையில் மலையேற்றுகிறார். "ஊரான் பிள்ளையைத் தேட நம்ம பிள்ளையை அனுப்புறீங்களே, உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" என்று மனைவி ஒவ்வொரு முறையும் கேட்பார். மூன்றாவது முறை மகள் ஈரப் பாறையில் சறுக்கி விழுந்தாள். முழங்கையில் ஏழு தையல். அன்று தேடப்பட்ட ஆள் அடுத்த நாள் போனில், "அடடா, ஸாரி சார்" என்றாராம்.

அவரைப் பற்றி எழுதலாமென்று நான் பார்க்கப் போன அன்று மதியத்திலிருந்தே தூறல். கூரியர் ஆபீஸில் வேலை முடித்த மகள், அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று மேலே வந்திருந்தாள். ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாகப் பத்து நிமிடம். ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் மட்டும் காலி.

ஒரு கணக்கு வாத்தியார். முதல்முறை மலையேறுகிறவர், தனி ஆள். காலையில் அண்ணன் சொன்னதையெல்லாம் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டவர். கேட்காமலே ரத்த வகையையும் எழுதிக் கொடுத்தவர். "நாலு மணிக்கே வந்துடுவேன் சார், உங்களைக் காக்க வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய போனில் சிக்னல் இல்லை. லாட்ஜுக்குக் கூப்பிட்டால், "சாவி இங்கதாங்க தொங்குது" என்றார்கள். கையெழுத்தை மறந்துவிட்டு பஸ் ஏறுகிற ரகமில்லை அவர். அது அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"எல்லாரும் வந்துட்டாங்களாப்பா?" என்று மகள் கண்ணை மூடியபடியே கேட்டாள். "கிளம்பலாமா? அம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க."

அண்ணனின் கை தானாக நகர்ந்து அந்த வரியை மறைத்துக்கொண்டது. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அணைப் பக்கம் இறங்கிப் போயிருப்பார் என்றால் ஊரே நம்பும். மூன்று முறை அப்படித்தானே நடந்தது? ஜன்னலுக்கு வெளியே பாதையின் முதல் வளைவு வரைதான் தெரிந்தது. அதற்கு மேல் மஞ்சு மூடிவிட்டது. மகள் தையல் பிரித்த முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா?"

"ஒருத்தர் வரலைம்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய், இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஷூ இரண்டையும் எடுத்தார். நாடாக்களைத் தளர்த்தி, ஈரத்தைத் தன் சட்டை முனையால் துடைத்து, அவள் காலருகே ஜோடியாக வைத்தார்.