ஹீட்டிங்கை அணைத்தது யார்?

மைசூரில் வீடுகளுக்கு சென்ட்ரல் ஹீட்டிங் போடுகிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. "இந்த ஊர்ல ஃபேன் போட்டாலே போதுமே" என்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி விடியலில் கல் தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்கள் அவ்வளவு சிரிக்க மாட்டார்கள்.

நான் கௌதள்ளி கிராமத்துக்காரி. ஐ.டி.ஐ. முடித்து, சோலார் வாட்டர் ஹீட்டர் போடும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். இப்போது அங்கே சர்வீஸ் பிரிவு என் பொறுப்பில். புதிதாக வருகிறவர்கள் "கஷ்டமான கம்ப்ளெயின்ட் எது மேடம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது பார்த்தசாரதி சார் வீட்டுக் கதையைத்தான்.

முதல் வீடு

பார்த்தசாரதி சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கனடாவில் மகன் வீட்டில் சில வருஷம் இருந்துவிட்டு மனைவி கோமளம்மாவோடு மைசூருக்குத் திரும்பியிருந்தார். அங்கே வெளியில் பனி, வீட்டுக்குள் வேட்டி பனியனோடு இருந்து பழகிவிட்டார். இங்கே வெளியில் வெயில், வீட்டுக்குள் ஸ்வெட்டர். அதை அவரால் பொறுக்க முடியவில்லை. மகன் ஏற்பாடு செய்தான். எங்கள் கம்பெனிக்கு அதுதான் முதல் சென்ட்ரல் ஹீட்டிங் வேலை.

மாடியில் ஹீட் பம்ப். அது தண்ணீரைச் சூடாக்கி பைப் வழியாக ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்பும். கூடத்துச் சுவரில் தெர்மோஸ்டாட். நாம் கேட்ட சூடு வந்துவிட்டது என்று அதற்குத் தோன்றினால் மாடிக்குச் சொல்லி மெஷினை நிறுத்திவிடும். அவ்வளவுதான் விஷயம்.

கம்ப்ளெயின்ட் மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தது.

"அம்மா, விடியக்காலம் நல்லா ஓடிண்டிருக்கும். திடீர்னு நின்னு போறது. நான் ரூம்ல நடுங்கிண்டு உக்காந்திருக்கேன்" என்றார் சார்.

போய்ப் பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மேலே வெண்டிலேட்டர் ஓட்டைகள் வேறு. கிளம்புகிற சூடெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. "மெஷின் ஓடற நேரம் ஜன்னலைச் சாத்தி வைங்கம்மா. ஆள் இல்லாத ரூம்ல ரேடியேட்டர் வால்வைக் குறைச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சார் அன்றைக்கே வெண்டிலேட்டர்களில் கனடா ஸ்வெட்டர்களைத் திணித்து அடைத்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அடுத்த காலையும் மெஷின் நின்றது.

ரேடியேட்டர்களில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினேன். பம்ப்பை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் புதிதாகப் போட்டேன். நான் இருக்கிற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடும். மறுநாள் விடியலில் நின்றுவிடும்.

எங்கள் முதலாளி நாகராஜ் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் கன்னடம் கலந்து வரும். "பாரம்மா, அவரு கழட்டி எடுத்துண்டு போன்னு சொன்னா நம்ம மரியாதை ஹோய்த்து, போச்சு. அப்புறம் ஜென்மத்துக்கும் கீசர் ரிப்பேர்தான்" என்றார்.

பூட்டு

மெஷினில் கோளாறு இல்லை என்றால் ஆளிடம்தான் கோளாறு என்று சார் முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"கோமளா, நீதானே அணைக்கறே?"

"ஏன்னா, நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"உனக்கு இந்த ஹீட்டிங்கே பிடிக்கலை. மொதல் நாள்லேர்ந்தே பிடிக்கலை."

"பிடிக்கலைதான். அதுக்காகத் திருட்டுத்தனமா அணைப்பேனா? நாப்பது வருஷத்துல ஒரு பொய் சொல்லியிருக்கேனா உங்ககிட்ட?"

என்னை வைத்துக்கொண்டேதான் இந்தப் பேச்சு. நான் ஸ்க்ரூ டிரைவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை சார் கடைத்தெருவுக்குப் போய், பூட்டுடன் கூடிய கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி வந்து தெர்மோஸ்டாட்டின் மேல் மாட்டிப் பூட்டினார். சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். கோமளம்மா ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு மேலுகோட்டையில் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் சார் எனக்கு போன் செய்தார். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"நிக்கவே இல்லைம்மா! ஆத்துல எங்க பார்த்தாலும் கதகதன்னு இருக்கு. நான் சொன்னேனா இல்லையா?"

அடுத்த நாளும் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும். முதலாளிக்குப் பரம சந்தோஷம். "கஸ்டமர் தப்புன்னு முடிச்சுடு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்தம்மா பேசியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறவர்களின் முகம் இல்லை அது. ஆனால் மெஷின் அவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. சாரின் உற்சாகமும் அதிக நாள் நிற்கவில்லை. அடுத்த முறை பேசியபோது, "மெஸ் சாப்பாடு வாயில வைக்க முடியலை. சூடு மட்டும் நன்னா இருக்கு" என்றார்.

விளக்கு

ஒரு நாள் விடியற்காலையிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். நான் வாசலில் வண்டியை நிறுத்தவும், ஆட்டோவில் இருந்து கோமளம்மா இறங்கவும் சரியாக இருந்தது.

சார் கதவைத் திறந்து அவரைப் பார்த்து முழித்தார். "வந்துட்டியா?"

"மார்கழியில ஆத்துல விளக்கு எரியாம இருக்கப்படாது. எனக்கு உங்களோடதான் சண்டை. பெருமாளோட இல்லை."

குளித்துவிட்டு வந்து, கூடத்தில் இருந்த சுவாமி அலமாரியின் முன் நின்றார். ஹீட்டிங் போட்ட பிறகு தச்சர் செய்து சுவரில் மாட்டிய அலமாரி அது. பெரிய விளக்கில் ஐந்து முகமும் ஏற்றிப் பாசுரம் சொல்ல ஆரம்பித்தார். நான் ரேடியேட்டரில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். சார் சாய்வு நாற்காலியில்.

பாதிப் பாசுரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். மாடியில் மெஷின் நின்றது.

கோமளம்மா கூப்பிய கைகளைக் கீழே இறக்கவே இல்லை. சார் மெதுவாகப் பூணூலைத் தடவிப் பார்த்தார். சாவி அங்கேயேதான் இருந்தது.

கோமளம்மா பாசுரத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். அலமாரிக்கு நேர் மேலே இருந்த தெர்மோஸ்டாட் பெட்டியைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்தார்.

"இது ஏன் இப்படிச் சுடறது?"

எழுந்து போய்ப் பார்த்தேன். தெர்மோஸ்டாட்டில் முப்பது டிகிரி காட்டியது. கூடத்தில் சார் மங்கி கேப்போடு உட்கார்ந்திருக்கிறார். தெர்மோஸ்டாட்டோ ஐந்து முக விளக்கின் தலைக்கு மேல், பெட்டிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்க இதே சூடுதான் என்று நம்பி மெஷினை நிறுத்தியிருக்கிறது. அம்மா ஊரில் இல்லாத நாட்களில் விளக்கும் இல்லை, தடங்கலும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கோமளம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் தொண்டையைச் செருமினார். "விளக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தப்பு என்னோடதுதான் கோமளா" என்றார்.

அன்றைக்கே தெர்மோஸ்டாட்டை நடைச் சுவருக்கு மாற்றினேன். வெயில், விளக்கு, அடுப்பு, ஜன்னல் காற்று எதுவும் படாத இடம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தெர்மோஸ்டாட் வீட்டின் சூட்டைச் சொல்லாது, தான் இருக்கும் இடத்தின் சூட்டை மட்டும்தான் சொல்லும். அது சொல்கிறதே என்று ஆளைக் குற்றவாளியாக்குவதற்கு முன், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மாட்டி முடித்ததும், "எத்தனை டிகிரி வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"இருபத்தி நாலு" என்றார் சார்.

"இருபது போதும்" என்றார் அம்மா. சொன்னவர் உடனே, "வேண்டாம், அவர் சொன்னதையே வைம்மா. குளிர்றதுன்னு அவர் சொன்னா குளிர்றதுதான். நான் சந்தேகப்பட மாட்டேன்" என்றார்.

சார் என் பக்கம் திரும்பினார்.

"இருபதே வைம்மா" என்றார். "நான் ஸ்வெட்டர் போட்டுக்கறேன்."