மூன்று மாதம் பொறுக்க மாட்டேன்

எங்கள் வீட்டில் ஒருத்தி கர்ப்பமானால் மூன்றாம் மாதம் நிறையும்வரை மூச்சுவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது. கண் பட்டுவிடுமாம். தமிழ்நாட்டிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் என் மாமியார் விடாப்பிடியாக வைத்திருந்த வழக்கம் இது.

முதல் தடவை நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று குத்தியது. வாயு என்று மாமியார் சுக்குக் கஷாயம் கொடுத்தார். குடித்தேன். மறுநாள் வைப்பின் தீவுக்குப் போகும் படகுக்கு நிற்கும்போதே மயங்கி விழுந்தேன். கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிறெல்லாம் ரத்தம். அந்தக் குழாயை எடுத்துத்தான் என்னைக் காப்பாற்றினார்கள். மிச்சம் இருப்பது ஒரு குழாய்தான், இனி நாள் தள்ளினால் உடனே வரணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அதனால் போன வருடம் நாள் தள்ளி, வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு தெரிந்ததுமே செருப்பை மாட்டினேன்.

"மூணு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்று மாமியார் வாசலை மறித்தார்.

"பொறுத்த லட்சணம்தான் வயித்துல தையலா இருக்கே அத்தை. கூட வாங்க, இல்ல வழிய விடுங்க."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல இரண்டு பேருக்கும் தலையாட்டினார். மாமியார் என்ன நினைத்தாரோ, முந்தானையைச் செருகிக்கொண்டு என்னோடு இறங்கினார்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்பச் சீக்கிரம் என்றார் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், ஒருநாள் விட்டு மறுபடியும் எடுத்தார்கள். கர்ப்ப ஹார்மோன் அளவு ஒழுங்காகத்தான் ஏறுகிறது, ஆனால் கரு எங்கே இருக்கிறது என்று அடுத்த ஸ்கேனில்தான் தெரியும், வலித்தால் அப்போதே ஓடி வா என்றார். இரண்டு வாரம் ஒரு ஏப்பம் வந்தால்கூட எனக்கு உயிர் போய் வந்தது. மாமியார் கஷாயப் பேச்சே எடுக்கவில்லை. "வலிக்குதா, மறைக்காம சொல்லு" என்று நச்சரித்தபடியே இருந்தார்.

அடுத்த ஸ்கேனில் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "பேடிக்கண்டா மோளே, பயப்பட ஒண்ணுமில்ல. கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. துடிப்பும் உண்டு."

பயறு அளவுதான், துடித்துக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

வெளியே எங்கள் தெருக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் முகத்தைத் துடைப்பதற்குள் மாமியார் அவள் முன்னால் போய் நின்றார்.

"என் மருமக உண்டாயிருக்கா. ரெண்டு மாசம்கூட ஆகல. பிள்ளை இருக்கவேண்டிய இடத்துலதான் இருக்கு. உன் பொண்ணுக்கு நாள் தள்ளினா நீயும் உடனே கூட்டிட்டு வா. என்னை மாதிரி உக்காந்திருக்காத."