பொட்டு வைக்காத தொட்டி

நாங்கள் மூன்று பேர். நான் மண்ணூர்பேட்டைக் கம்பெனி ஒன்றில் தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். இன்னொருவன் அங்கேயே வெல்டர். மூன்றாமவர் பருத்திப்பட்டு பிளாட்டில் குடியிருந்த ஐ.டி.காரர். அவருக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம்.

ஒரு நாள் அவர் கம்பெனிச் சுவரை ஒட்டி நின்று போனில் எங்கள் பிரஸ் சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், கம்ப்ளெயின்ட் குடுக்கவா?" என்றேன்.

"இல்லண்ணே. நல்லாருக்கு."

பதினோரு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நல்லாயிருக்கு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிரஸ் அடி லேப்டாப்பில் ஓடும். அதன் மேல் நாங்கள் காலி எண்ணெய் டிரம், லாரி ஸ்பிரிங் பட்டை, ரம்பத் தகடு எல்லாம் அடிப்போம். பாட்டு கிடையாது. பிளாட் மொட்டை மாடியில் இரண்டு ஞாயிறு அடித்தோம், துரத்தினார்கள். பிறகு ஏரி ஓரம்.

ஊருக்குள் ஒரு ஹாலில் இருபது பேர் முன்னால் வாசித்தோம். கை தட்டினார்கள். அவர்களில் யாரும் பிரஸ் ஓட்டியவர்கள் இல்லை. எனக்கு அது போதவில்லை. என் கூட வேலை செய்கிறவர்கள் ஒரு தடவை கேட்க வேண்டும். அவர்கள்தான் எங்களைப் பைத்தியம் என்றவர்கள்.

முதலாளியிடம் கேட்டேன். ஆயுத பூஜையன்று, கற்பூரம் காட்டியதும் பத்து நிமிஷம் என்றார்.

அன்று காலை நான் போனபோது பூஜை முடிந்திருந்தது. ஸ்பேனர், சுத்தியல் வரிசையில் எங்கள் டிரம், பட்டை, தகடு எல்லாம் இருந்தன. கழுவி, எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. வெல்டர் வேலை.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற?"

"ஆயுதம்தானே மச்சான். வெக்காம எப்டி?"

அவனைத் திட்ட முடியவில்லை. நானும் வைத்திருப்பேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. வரிசைக் கடைசியில் லேப்டாப் இருந்தது. அதன் மேல் கதம்பம். ஐ.டி.காரர் தானே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

சூப்பர்வைசர் பொரிப் பொட்டலத்தை நீட்டினார். "இன்னா நைனா, கச்சேரி சாமிகிட்ட போய்டுச்சா? பொரிய துன்னுகினே ஊட்டுக்குப் போ."

எல்லோரும் சிரித்தார்கள்.

சுற்றிப் பார்த்தேன். எல்லா மிஷினுக்கும் மாலை. எடை மேடைக்குப் பொட்டு. துடைப்பத்துக்குக்கூடப் பொட்டு. பின்னால் ஸ்கிராப் தொட்டி மட்டும் வெறுமனே இருந்தது. கழிவுக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை.

தொட்டிக்குள்ளிருந்து ரிஜெக்ட் ஆன இரண்டு பீஸ்களை எடுத்துத் தொட்டியின் மேலேயே அடித்தேன். வெல்டர் எதிர்ப்பக்கம் வந்து நின்று அடித்தான். ஐ.டி.காரர் கீழே கிடந்த கோணல் தகட்டின் மேல் ஏறி மிதித்தார். லேப்டாப் தேவைப்படவில்லை. பிரஸ் எப்போது இறங்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது என் தோளுக்குத் தெரியும்.

"நிறுத்துடா. நாளைக்கு வேல வேணுமா, வேணாமா?" சூப்பர்வைசர் கிட்டே வந்து சொன்னார்.

நிறுத்தவில்லை. பத்து நிமிஷம் முதலாளியிடம் கேட்டு வாங்கியது.

சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பக்கத்து பிரஸ்காரர், அதிகம் சிரித்தவர், பொரியை மென்றபடியே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"டேய், மூணாம் நம்பர் மிஷின்டா இது. கிளட்ச் இழுக்குது பாரு."

ஆமாம், நான் ஓட்டுகிற மிஷின். கிளட்ச் இழுத்து அடி சற்றே பிந்தி விழுவதையும் சேர்த்துத்தான் அடித்தேன். அந்த ஆளுக்குக் கேட்டுவிட்டது.

சூப்பர்வைசர் பேச்சை மீறியதற்கு மறுநாள் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எனக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அதையும் போடவில்லை. ஒரு மாதம் பேக்கிங்கில் போட்டார்கள். மூணாம் நம்பரை வேறு யாராலும் சரியாக ஓட்ட முடியவில்லை. திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஐ.டி.காரருக்குப் புனேக்கு மாற்றல். வெல்டர் ஒரகடம் போய்விட்டான். ஆட்கள் முன்னால் இரண்டு தடவை வாசித்தோம், அவ்வளவுதான்.

தொட்டியில் நாங்கள் அடித்த பள்ளம் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு யாரோ அதற்கும் பொட்டு வைக்கப் போனார்கள். நான் விடவில்லை. அந்த நாளில் அது ஒன்றாவது அடிக்கிற மாதிரி இருக்கட்டும்.